சைடு விங்கில் ஒரு ஸ்டூல்

கண்ணா,

நீ கேட்டது கட்டுரை. வந்திருப்பது கடிதம். கோபித்துக்கொள்ளாதே. "அப்பாவோட காமெடி நாவலுக்கெல்லாம் அவரோட நாடகப் பைத்தியம்தான் அஸ்திவாரம்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. கூடவே இருந்து பார்த்தவ நீதான். அவருக்கு நாங்க எடுக்கற விழாவோட மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடேன்" என்று போன மாதம் நீ கேட்டபோது, பெரிய எழுத்தாளி மாதிரி நானும் தலையாட்டிவிட்டேன். முந்தாநாள் காலையில் அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தலைப்புகூட எழுதிவிட்டேன். அப்போதுதான் உன் போன் வந்தது. அதற்குப் பிறகு கட்டுரை ஓடவில்லை. எழுந்து பால் வைத்தேன், பொங்கவிட்டேன். துணி காயப்போட மாடிக்குப் போனவள், துணி வாளியைக் கீழேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்றேன். ஏரிக்கரை வரை ஒரு நடை போய்விட்டு வந்தேன். செம்பாக்கம் ஏரியைப் பார்த்தால் எனக்கு மனசு அடங்கும் என்று நீ கிண்டல் செய்வாயே, அன்றைக்கு அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் உன்னிடமே பேசிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நீ போனில் சொன்னதை இங்கே அப்படியே எழுதிவிடுகிறேன். மலரைப் படிக்கிறவர்களுக்கும் விஷயம் விளங்க வேண்டுமல்லவா? "அம்மா, நான் நல்லா யோசிச்சுட்டேன். விழாவுல நாங்க போடற டிராமாவுல அப்பா நடிக்க வேணாம்மா. ஹெட்மாஸ்டர் ரோலுக்கு வேற ஆள் பார்த்துட்டேன். அப்பாவை முன்வரிசையில நடுநாயகமா உட்கார வச்சு, கடைசியில மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்திடலாம். அதுதான் அவருக்கு மரியாதை." நான் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் பார்க்கலாம் என்று சொன்னால் மாட்டேன் என்று அர்த்தம். அது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

முதலில் நீ கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். நாடகம் எப்படி அவரது நாவலுக்குள் வந்தது என்பதுதானே? அது வந்ததே ஒரு தட்டுப்பாட்டினால்தான். எங்கள் ரயில்வே ஆபீசின் மனமகிழ் மன்றத்துக்குத் தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு ஹால் இருந்தது. வருஷாவருஷம் நாடகம் போடுவோம். அப்பா கணக்குப் பிரிவில் இருந்தார், நாடகத்தை எழுதி அவரே கதாநாயகனாக நடிப்பார். நான் டைப்பிஸ்ட். வசனத்தை ஸ்டென்சிலில் அடித்துக் கொடுத்தவள் நான் என்பதால், யார் எங்கே எதைச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதனால் என்னைப் பிராம்ப்டராகப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். மேடைக்குப் பக்கத்தில் சைடு விங் மறைவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நடிக்கிறவர் வசனத்தை மறந்தால் அடிக்குரலில் எடுத்துக்கொடுக்க வேண்டும். அதுதான் வேலை. எனக்கும் அவருக்கும் அப்போது கல்யாணம் ஆகவில்லை. சரியாகச் சொன்னால், பேச்சுவார்த்தையே கிடையாது. "ரெண்டாவது பக்கத்துல ஒரு துணைக்கால் விட்டுப்போச்சு" என்று ஸ்டென்சிலைத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான்.

மன்றத்திடம் இருந்தது ஒரே ஒரு செட். ஒரு கூடம், முன்வாசல், பின்வாசல், ஒரு ஜன்னல், எல்லாம் தட்டியில் வரைந்தது. காடு, அரண்மனை, கோர்ட் எதுவும் கிடையாது. ஆகவே எந்தக் கதையாக இருந்தாலும் அந்தக் கூடத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். ஒருத்தன் பின்வாசல் வழியாகப் போனால் இன்னொருத்தன் முன்வாசல் வழியாக வருவான். இரண்டு பேரும் சந்தித்தால் குட்டு உடைந்துவிடும். அப்பாவின் நாவல்களைப் புரட்டிப் பார். எல்லாமே ஒரே கூடம், இரண்டு வாசல். பெரிய வித்தை என்று விமர்சனம் எழுதினார்கள். இன்னொரு தட்டி வாங்க மன்றத்துக்கு மனம் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது ரயில். ஹாலுக்குப் பின்னால் மின்சார ரயில் போய்க்கொண்டே இருக்கும். நல்ல வசனம் வருகிற இடமாகப் பார்த்துத் தடதடவென்று வந்துவிடும். கத்தினாலும் கேட்காது. மற்ற நடிகர்கள் எல்லாம் கத்திப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டார்கள். அப்பா மட்டும் அப்படியே நின்றுவிடுவார். கை எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே இருக்கும், முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. எதிரே நிற்கிறவர் கேட்ட கேள்வி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும், ரயில் போய்க்கொண்டே இருக்கும், ஜனங்களுக்குள் சிரிப்பு ஊறிக்கொண்டே இருக்கும். கடைசிப் பெட்டி போன பிறகு அவர் வாயைத் திறந்து "இல்லீங்க" என்று சொன்னால் போதும், ஹால் இரண்டாகிவிடும். காக்க வைத்தால் சிரிப்பு பெருகும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த ரயில்தான். பிறகு அவர் நாவலிலும் அத்தியாயத்துக்கு ஒரு ரயில் போயிற்று. அந்த ரயில் நவீன வாழ்க்கையின் குறியீடு என்று ஒரு பேராசிரியர் நம் வீட்டுக்கே வந்து விளக்கினார். அப்பா பவ்வியமாகக் கேட்டுக்கொண்டார். அவர் போன பிறகு, "கமலி, நம்ம ஹாலுக்குப் பின்னாடி போனது குறியீடாம்டி" என்றார்.

இனி நான் செய்த பிசகைச் சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும், மீதியைத் தெரிந்துகொள். அப்பாவின் 'மாடிப் போர்ஷன்' நாவல் அப்போது நாடகமாகத்தான் இருந்தது. குடும்பஸ்தனுக்கு மட்டும்தான் வீடு என்று சொல்கிற வீட்டுக்காரரிடம், ஒரு கட்டைப் பிரம்மச்சாரி தனக்குக் கல்யாணமாகிவிட்டது என்று புளுகிக் குடிவருகிறான். வீட்டுக்காரராக நடித்தது யூசுப் அண்ணன், தாம்பரம் மார்க்கெட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவரேதான். ஆபீஸ் ஆள் இல்லை, ஆனாலும் அந்தத் தொப்பைக்கும் குரலுக்கும் வேறு வீட்டுக்காரர் கிடைக்கவில்லை. அவர் "உன் சம்சாரம் எங்கேப்பா?" என்று கேட்க வேண்டும். அப்பா "ஊருக்குப் போயிருக்கா" என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் கேட்டார், இவர் சொல்லவில்லை. நின்றார். ரயில் எதுவும் வரவில்லை. ரயில் இல்லாமலே நின்று பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் வசனம் மறந்துவிட்டது என்று பதறிப்போனேன். அடிக்குரலில் சொன்னேன், அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஊருக்குப் போயிருக்கா!" என்றேன். அது ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுவிட்டது.

யோசித்துப் பார். பெண்சாதி எங்கே என்று கேட்டதற்கு, வீட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ஊருக்குப் போயிருக்கா" என்கிறது! ஜனங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு ஸ்டூலோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? நிதானமாகப் பின்வாசல் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து, "நீ இரு, நானே சொல்றேன்" என்றார். சிரிப்பு இன்னும் ஒரு சுற்று போயிற்று. யூசுப் அண்ணனும் விடவில்லை, "ஊர்லேருந்து எப்பப்பா வந்தாங்க?" என்று கேட்டார். "இப்பத்தாங்க. பின்வாசல் வழியா." எழுதியிருந்த வசனம் அதற்குப் பிறகு எங்கே போயிற்றோ தெரியாது.

நாடகம் முடிந்ததும் திட்டப் போகிறார் என்று நான் பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். வேஷத்தைக்கூடக் கலைக்காமல் ஓடிவந்து வழியை மறித்தார். "நாளைக்கும் இதே மாதிரி சொல்லணும். இதைவிடச் சத்தமா" என்றார். பிறகு அதை நாவலாக எழுதியபோது, கதை முழுக்க உள்ளேயிருந்து பேசுகிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு மனைவி வந்து சேர்ந்தாள். தமிழ்நாட்டில் அந்த நாவலைப் படித்த வீடுகளில் எல்லாம், மனைவி குறுக்கே பேசினால் "நீ இரு, நானே சொல்றேன்" என்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாத்திரம் நீங்கள்தானா என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். நான் மேடையில் ஒரு நாளும் தெரிந்ததில்லை, அவர் புத்தகத்திலும் தெரிந்ததில்லை, குரல் மட்டும்தான். ஆனால் அந்தக் குரல் இல்லையென்றால் அந்தப் புத்தகம் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, சொல்லிக்கொள்கிறேன்.

வானத்தில் பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாகப் போகிறது. எழுந்து போய் அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஹாலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். உனக்கு நினைவிருக்கும், அவர் நாவல் எழுதுகிற முறையே அதுதான். பேனாவைத் தொடுவதற்கு முன்னால் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, இது முன்வாசல், இது பின்வாசல் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்திரமாக உள்ளே வந்து வெளியே போவார். நம்மையும் நிற்க வைப்பார். நீ எத்தனையோ அத்தியாயங்களில் தபால்காரனாக நின்றிருக்கிறாய். "ஆள் வர்றதுக்கு முன்னாடி குரல் வரணும்டா" என்பார். அவர் நாவலில் யாரும் சும்மா வந்து நிற்க மாட்டார்கள். முதலில் இருமல், செருப்புச் சத்தம், சாவிக்கொத்து, அதற்குப் பிறகுதான் ஆள். சிரிப்பு வருகிற வரிக்குக் கீழே ஒரு வரி இடம் விடுவார். பத்திரிகையில் இடம் மிச்சம் பிடிக்க அதை மூடிவிட்டார்கள் என்று ஒரு முறை நேரிலேயே போய் நின்றார். "ஜனங்க சிரிச்சு முடிக்க வேணாமாய்யா?" என்று அவர் கேட்க, பாவம், அந்த ஆசிரியர் விழித்தாராம்.

நீயும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். பிளஸ் ஒன்னில் கணக்கில் நீ கோட்டைவிட்ட அன்றைக்கு, உடனே உள்ளே வரவில்லை. வெளியே நின்று இருமினாய். செருப்பை உதறினாய். சாவி இல்லாததால் டிபன் பாக்ஸை ஆட்டினாய். உள்ளே கோபமாக உட்கார்ந்திருந்த மனுஷன், தாள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே, "வாங்க தபால்காரரே" என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் திட்ட அவருக்கு முகம் இல்லை. அதை நினைத்துத்தான் எனக்கு இப்போது ஆறவில்லை. கணக்கில் தோற்றதைச் சொல்வதற்கே அப்படி வந்து நின்ற பிள்ளை, அப்பா நடிக்க வேண்டாம் என்பதைச் சொல்லக் குரலை மட்டும் அனுப்பிவிட்டாய். ஆள் வரவில்லை. நீ இருக்கிற பெருங்களத்தூரிலிருந்து செம்பாக்கம் என்ன சீமையா? ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக் என்று சொல்லாதே. ஊருக்குப் போகிற கூட்டம் பையும் மூட்டையுமாக உங்கள் பஸ் ஸ்டாப்பில் குவிந்திருக்கிற நாளில்கூட நான் உனக்கு ரசம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அபார்ட்மென்ட் ஹாலில் நடந்ததைப் பேசாமல் இருக்க முடியாது. 'மாடிப் போர்ஷன்' ஒத்திகையில் கடைசி சீன். பக்கத்து வீட்டு ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டராக அப்பா வருகிறார். "இந்த வீட்ல ஒரு பொம்பளை குரல் கேக்குதே, அது யாரு சார்?" என்று உன் சிநேகிதன் கேட்டான். அப்பா பதில் சொல்லாமல் நின்றார். நீ உடனே மொபைலில் வசனத்தைத் தேடி எடுத்து, "அப்பா... 'எனக்கும் கேக்குது'..." என்று எடுத்துக்கொடுத்தாய். அப்பா உன்னைப் பார்த்தார். திரும்பவும் நின்றார். இந்த முறை சிரித்தார். நீ இன்னொரு தரம் எடுத்துக்கொடுத்தாய். கூட நடிக்கிற பிள்ளைகள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். "ஒரு டீ பிரேக் விட்டுக்கலாம்பா" என்று நீ மெதுவாகச் சொன்னாய். உனக்கு அவர் மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியாதா? அவமானப்பட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் பொன்னாடையைத் தேடுகிறாய். அதையும் நான் புரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

ஆனால் நீ பார்க்காதது ஒன்று உண்டு. நான் மூலையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது எனக்குப் பழக்கம். முதலில் நின்றாரே, அது மறதி இல்லை. அது அவருடைய பழைய நிற்றல். ரயில் போகட்டும் என்று நிற்பாரே, அது. சிரிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நீ அதில் குறுக்கே புகுந்துவிட்டாய். நான் அன்றைக்குச் செய்த அதே பிசகு, நீயும் என் பிள்ளைதானே. அதில்தான் அவருக்கு இழை அறுந்தது. இரண்டாவதாக நின்றது நிஜமான மறதி.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பாய். காமெடி பண்ணுகிறவன் சிரிக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம். மேடையில் அவர் சிரித்ததே இல்லை. அவர் நாவல்களில் ஒரு பாத்திரமாவது சிரிக்கிறதா என்று தேடிப் பார், கிடைக்காது. சிரிப்பு முழுக்கப் படிக்கிறவனுக்கு. வீட்டிலும் அப்படியே, ஜோக் அடித்தால் முகம் கல் மாதிரி இருக்கும். இந்த ஒன்றரை வருஷமாகத்தான் அவர் சிரிக்கிறார், கண்ணா. வந்தவர் யாரென்று தெரியாதபோது சிரிக்கிறார். பாதிப் பேச்சில் விட்டுப்போனால் சிரிக்கிறார். ரொம்ப மரியாதையாக, கல்யாண வாசலில் நிற்கிறவர் மாதிரி. "சார் இப்பல்லாம் எவ்ளோ சந்தோஷமா இருக்கார்!" என்று வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை இதில் எழுத எனக்கு இஷ்டமில்லை. சிரித்தால் மறந்துவிட்டார், சிரிக்காமல் நின்றால் நடிக்கிறார். எனக்கு இது போதும்.

ஒருவேளை என் ஆசைதான் இப்படியெல்லாம் பேச வைக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதனால் நேற்று மத்தியானம், மூக்குக்கண்ணாடிக் கால் லூசாக இருக்கிறது என்று சாக்கு வைத்துக்கொண்டு யூசுப் அண்ணன் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஷால் போத்தப் போறானா? இன்னாம்மா கமலி இது? ஷால் போத்தி ஓரமா குந்த வெச்சிட்டா, உன் ஆட்டம் குளோஸுன்னு ஊருக்குச் சொல்ற மாதிரி. மன்ஷன் இன்னும் நாற்காலியத் தூக்கிப் போட்டுகினு கீறாருன்னு நீயே சொல்ற."

"மேடையில நின்னுட்டா என்னண்ணா பண்றது?"

"நிக்கட்டுமே. எத்தினி வாட்டி நின்னுகிறாரு! நான் எதிர்ல மீசையத் தடவிகினே நிக்கலையா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணும்மா. ஜனம் அவரப் பாத்து, ஐயோ பாவம்னு உச்சு கொட்டக் கூடாது. மறந்தா மறக்கட்டும், அது பெரிய பேஜார் இல்ல. பாவம்னு பாத்தா செத்துருவாரு."

அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நான் இதையெல்லாம் மலரில் எழுதினால், வாசலிலேயே வாங்கிப் படித்துவிட்டு உள்ளே வந்து உட்காருகிற ஜனங்கள் சிரிக்கவே மாட்டார்கள். அவர் நின்றால் போதும், கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். எழுதாவிட்டால் நீ ஷாலோடு நிற்பாய். எழுதியதைக் கிழித்துவிடலாம் என்றுகூட எழுந்தேன். எழுந்தவள் காபி போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனேன்.

அப்பா தானே திருப்பிப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். "என்னங்க பண்றீங்க?" என்றேன். "சீன் மாத்தறேன்" என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று, உன் சிநேகிதன் மாதிரியே கேட்டேன். "இந்த வீட்ல ஒரு பொம்பளை குரல் கேக்குதே, அது யாரு சார்?" நின்றார். சிரிக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உதவி செய்யாமல் நிற்பது? காபி ஆறிக்கொண்டிருந்தது. மெல்ல, ரொம்ப மெல்ல, அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. வந்ததும் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அந்தக் காலத்து அடிக்குரலில், "எனக்கும் கேக்குது" என்றேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்க்கலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது வந்தது பதில்.

"நீ இரு, நானே சொல்றேன்."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கண்ணா. என் பெயர் சில நாள் வருவதில்லை அவருக்கு. இது வந்தது. சிரிப்பு போய் முகம் பழையபடி கல்லாகியிருந்தது. பிறகு நிதானமாக எதிர் நாற்காலியைப் பார்த்து, "எனக்கும்தான் சார் கேக்குது. கல்யாணம் ஆன நாள்லேருந்து கேக்குது" என்றார். இரண்டாவது வாக்கியம் உன் பிரதியில் இல்லை. நான் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

ஆகவே நான் சொல்வதைச் செய். ஹெட்மாஸ்டர் அப்பாதான். அவருக்கும் உள்ளே ஒரு மனைவி இருக்கட்டும், குரல் மட்டும். அவர் சிரித்தால் நான் எடுத்துக்கொடுப்பேன், அவர் என் பக்கம் திரும்பி அந்த வரியைச் சொல்வார். ஹாலில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்த வரி, ஓவென்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் அவருக்கு வசனம் வந்துவிடும். வராவிட்டால் நான் திரும்பவும் சொல்கிறேன், அவர் திரும்பவும் என்னை அடக்கட்டும். நீ மட்டும் மொபைலை எடுக்கக் கூடாது. அவர் சிரிக்காமல் நின்றால் யாரும் மூச்சு விடக் கூடாது, ரயில் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசை நாற்காலியை எடுத்துவிடு. மலரை உள்ளே வரும்போது கொடுக்காதே. நாடகம் முடிந்து, செருப்பையும் வண்டிச் சாவியையும் தேடிக்கொண்டு வெளியே போகிறவர்கள் கையில் கொடு. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு, எங்கே நடித்தார், எங்கே மறந்தார் என்று அவர்கள் யோசித்துக்கொள்ளட்டும். சிரித்தது சிரித்ததுதானே, அதை யாரும் திருப்பி வாங்க முடியாது.

நான் பிடிவாதக்காரி என்று உனக்குத் தெரியும். விழாவில் ஏதாவது கோணலாகிப் போனால் பழி என் மேல்தான் என்பதும் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி அச்சில் போட மாட்டேன் என்று இதுவரை எழுதியது முழுவதையும் இன்று காலை அவருக்குப் படித்துக் காட்டினேன். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு இடத்தில் கையைத் தூக்கி, "பெண் குரல் வர்ற இடத்துக்குக் கீழே ஒரு வரி இடம் விடு" என்றார். பேராசிரியர் வருகிற இடத்தில் முகம் அசையவில்லை. டாக்டர் வருகிற இடத்தை நான் அவசரமாகப் படித்துத் தாண்டினேன், அதற்கும் அசையவில்லை. படித்து முடித்துவிட்டு, "போடலாமா, என்னங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. யாரும்மா இந்த ஆளு? பாவம், எல்லாத்தையும் மறந்துடறாராமே?"

பதறி அவர் முகத்தைப் பார்த்தேன்.

சிரிக்கவில்லை. கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, நான் சிரிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூல் கொஞ்சம் உயரமாகப் போடு. முட்டி மடக்க முடியவில்லை.

அம்மா